தட்டா, அகச்சிவப்பா? ராமநாதபுரம் கடற்கரை நுண்ணுயிர்களில் ஆன்டிபயாடிக் தேடுவோருக்கு

காரங்காட்டு அலையாத்திச் சேறு, வாலிநோக்கம் உப்பளத்து மண், மண்டபம் கரையோர மணல். இவற்றிலிருந்து பிரித்தெடுத்த இருநூறு ஐசோலேட்டுகள் (தனித்தனியாகப் பிரித்து வளர்த்த நுண்ணுயிர்கள்) ஒரு கல்லூரி ஆய்வகத்து ஃப்ரிட்ஜில் ஸ்லாண்ட்களாக, அதாவது சாய்வாக உறைந்த அகர் குழாய்களாக, அடுக்கி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற, பூஞ்சைபோல இழையாக வளரும் பாக்டீரியாக்கள், கூடவே கொஞ்சம் பேசில்லஸ் பாக்டீரியாக்கள். கையில் ஒரு சிறிய திட்டத்தொகை, இரண்டு முதுகலை மாணவர்கள், ஒரு வருட அவகாசம். இந்த இருநூறில் எது ஆன்டிபயாடிக் சுரக்கிறது என்று பார்க்க முதலில் எந்த வழியில் போவது?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் "எஃப்.டி.ஐ.ஆர். போட்டுப் பாருங்க, ஒரே நாள்ல தெரிஞ்சிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எஃப்.டி.ஐ.ஆர். எனும் அகச்சிவப்பு நிறமாலை எனக்கு மிகவும் பிடித்த கருவி. அதனாலேயே அதன்மேல் தாங்கமுடியாத சுமையை ஏற்றுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருநூறையும் முதலில் பழைய அகர் தட்டில் சோதியுங்கள். தன்னைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் காட்டியவற்றை அகச்சிவப்பில் வகை பிரியுங்கள். மற்ற முறைகளின் வேலை அதற்குப் பின்னால்தான். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கரையில் தேடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1943-இல் அமெரிக்க மண் நுண்ணுயிரியலாளர் வேக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்த பிறகு, உலகம் முழுக்க நிலத்து மண்ணைத் தோண்டிப் பார்த்தாயிற்று. கிடைப்பது பெரும்பாலும் தெரிந்த மருந்துதான். நிலத்து ஆக்டினோமைசீட்ஸில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் சுரக்கும் என்பது இத்துறையில் பலரும் எடுத்தாளும் கணக்கு. டாப்டோமைசின் போன்ற அரிய ஆன்டிபயாடிக் ஒன்று பல லட்சத்தில் ஒன்றில்தான் அகப்படும். கடல் அந்த அளவுக்குத் தேடப்படவில்லை. 1945-இல் சர்தீனியாத் தீவின் காக்லியாரியில், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜுசெப்பே புரோட்ஸு பிரித்த பூஞ்சைதான் இன்றைய செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கெல்லாம் மூலம். பஹாமாஸ் கடலடி மண்ணில் கிடைத்த சாலினிஸ்போரா, வளர்வதற்கே கடல்நீர் கேட்கும் ஆக்டினோமைசீட். அதிலிருந்து வந்த சாலினோஸ்போரமைடு புற்றுநோய் மருந்தாக மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை போனது.

நம் மாவட்டத்தில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவின் பவளச் சுண்ணாம்பு மணல், மறுபக்கம் பாக் விரிகுடாவின் ஆழமில்லாத சேற்றுக்கடல், இடையில் உப்பளம், அலையாத்தி. ஒரே பேருந்துத் தடத்தில் இத்தனை விதமான மண் அமைவது அரிது. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பிடி மணல்கூட எடுக்கக்கூடாது. பவளமும் கடற்பஞ்சும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பூங்காவுக்கு வெளியே உள்ள கரைச்சேறும் உப்பளமுமே ஒரு கல்லூரிக்குப் பல வருட வேலையைத் தரும்.

தட்டு என்ன சொல்கிறது

ஐசோலேட்டைக் கடல்நீர் கலந்த ஸ்டார்ச் கேசீன் அகரில் 28 டிகிரியில் ஏழிலிருந்து பத்து நாள் வளர்க்கிறோம். 6 மில்லிமீட்டர் கார்க் போரரால் (துளைக்குழாய்) ஒரு வில்லையை வெட்டி, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற சோதனைக் கிருமி தடவிய முல்லர் ஹின்டன் அகர் தட்டில் வைக்கிறோம். வில்லையில் இருக்கும் பொருள் ஊறி இறங்குவதற்கு ஓரிரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பிறகு 37 டிகிரியில் ஓர் இரவு. காலையில் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் இருந்தால், அங்கே ஏதோ ஒன்று கிருமியை வளரவிடவில்லை என்று பொருள். கிருமியைத் தடுக்கிறதா என்ற கேள்வியை நேராகக் கேட்டு நேராகப் பதில் வாங்குவது இந்த ஒரு முறைதான். பாக்கி எல்லாம் அனுமானம்.

வேலைக் கணக்கையும் பார்க்கலாம். ஒரு தட்டில் ஆறு ஐசோலேட்டுகளின் வில்லைகளை வைத்தால் இருநூறுக்கு 34 தட்டு. சோதனைக் கிருமி ஐந்து என்றால் 170 தட்டு. தட்டுக்கு 20 மில்லி வீதம் மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஊடகம். இரண்டு மாணவர்கள் சில வாரங்களில் முடித்துவிடக்கூடிய வேலை. ஆட்டோகிளேவும் இன்குபேட்டரும் எல்லாக் கல்லூரியிலும் இருக்கின்றன. மேலும், அகர் நமக்கு அந்நியப் பொருளும் அல்ல. இந்தக் கரையில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகர் ஆலைகளுக்குத்தான் போகிறது. கண்ணில் கண்ணாடியும் விரலில் சுற்றிய துணியுமாக அவர்கள் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுப்பதைப் பார்த்த மாணவர் அகரை வீணாக்கமாட்டார்.

கடல் ஐசோலேட்டுகளோடு இந்த முறையில் ஒரு பொறி உண்டு. வில்லையில் இருப்பது கடல்நீர் ஊடகம், அதன் உப்பே சில சோதனைக் கிருமிகளுக்குத் தொல்லை கொடுக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் உப்பைத் தாங்கும், மற்றவை அந்த அளவுக்குத் தாங்குவதில்லை. எனவே ஒவ்வொரு தட்டிலும் எந்த உயிரும் வளராத வெறும் கடல்நீர் அகர் வில்லை ஒன்றை வைத்தே ஆகவேண்டும். சில ஐசோலேட்டுகள் அமிலத்தைச் சுரந்தும் வளையம் காட்டும். அதற்கு வில்லையின் அடியில் பி.எச். தாளை ஒற்றிப் பார்த்தால் போதும்.

தட்டின் உண்மையான குறை வேறு. தடுக்கிறது என்று சொல்லும், எதைக்கொண்டு தடுக்கிறது என்று சொல்லாது. நாற்பது ஐசோலேட்டுகள் வளையம் காட்டினால், அந்த நாற்பதில் எத்தனை ஒரே சேற்றில் பெருகிய ஒரே உயிரின் பிரதிகள் என்பது வளையத்தைப் பார்த்துத் தெரியாது. இன்னொன்று, ஒரே உயிர் மூன்று ஊடகத்தில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஸ்டார்ச் கேசீனில் ஊமையாக இருந்தது வேறு ஊடகத்தில் வாய்திறக்கும். அதனால் குறைந்தது இரண்டு ஊடகங்களில் சோதிக்கவேண்டும். வேலை இரட்டிப்பாகும், ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள்.

அகச்சிவப்பு எதைப் பார்க்கிறது

மூலக்கூறின் பிணைப்புகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அதிர்வு எண்ணில் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். உலர்ந்த நுண்ணுயிரை ஏ.டி.ஆர். படிகத்தின்மேல் (மேலே ஒட்டிய மாதிரியை, ஒளியை உள்ளுக்குள் எதிரொளித்து அளக்கும் படிகம்) அழுத்தி நிறமாலை எடுத்தால், 4000 முதல் 400 செ.மீ⁻¹ என்ற அலையெண் வரை அந்தச் செல்லின் மொத்த வேதியியலும் ஒரே கோட்டில் விழும். 2800 முதல் 3000 வரை கொழுப்பு. 1650-லும் 1550-லும் புரதம். 1240-ஐ ஒட்டி நியூக்ளிக் அமிலத்தின் பாஸ்பேட். 1200-லிருந்து 900 வரை செல் சுவரின் சர்க்கரைகள். இந்தக் கோட்டின் வடிவம் இனத்துக்கு இனம், சமயத்தில் இனத்துக்குள் வகைக்கு வகை வேறுபடும் என்பதை 1991-இல் டீட்டர் நௌமனும் சகாக்களும் காட்டினார்கள். வேல்ஸ் கடற்கரை மண்ணில் கிடைத்த மைக்ரோமோனோஸ்போரா ஐசோலேட்டுகளை இதே முறையில் பிரித்து, மரபணு முறைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளியானது. கடற்கரை மண், ஆக்டினோமைசீட்ஸ் என்ற இரண்டு வகையிலும் நம் வேலைக்கு மிக நெருக்கமான முன்மாதிரி அது.

இவையெல்லாம் அது எந்த உயிர் என்பதற்கான பதில்கள் என்பதைக் கவனியுங்கள். ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்பதற்கான பதில் இதில் எங்கே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் ஊடகத்தில் உலர் எடையில் 5 கிராம் உயிர்த்திரள் வளர்கிறது என்று கொள்ளுங்கள். புதிதாக மண்ணிலிருந்து எடுத்த ஐசோலேட் சுரப்பது பெரும்பாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். 5 மில்லிகிராம் என்று வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் கணிசமான பகுதி செல்லை விட்டு வெளியேறி ஊடகத்தில் கரைந்திருக்கும். கலவையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் பொருளைச் சாதாரண ஏ.டி.ஆர். கருவியில் தனியாகப் பார்ப்பது கடினம். ஆகவே, செல்லை அப்படியே வைத்து எடுத்த நிறமாலையில் ஆன்டிபயாடிக்கின் முகட்டைத் தேடுவது வீண்வேலை.

இதற்கு ஒரு விதிவிலக்கு பெனிசிலின் வகை மருந்துகளில் உள்ள பீட்டா லாக்டம் வளையம். அதன் கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு) 1770-ஐ ஒட்டி உறிஞ்சும், புரதமும் கொழுப்பும் அந்த இடத்தில் குறுக்கிடுவதில்லை. வடிகட்டி அடர்த்தியாக்கிய சாற்றில் அங்கே ஒரு முகடு தெரிந்தால் தொடர்ந்து பார்க்கலாம். எரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் லாக்டோன் 1735 பக்கம் வரும், செல்லின் சொந்தக் கொழுப்பும் அங்கேதான் வந்து நிற்கும்.

மென்பொருளைப் பயிற்றுவித்தால் சுரக்கும் ஐசோலேட்டையும் சுரக்காததையும் பிரித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரிக்கும். எதை வைத்துப் பிரிக்கிறது என்பதில்தான் சிக்கல். பயிற்சிக்குக் கொடுத்த சுரக்கும் ஐசோலேட்டுகளெல்லாம் ஸ்ட்ரெப்டோமைசிஸாகவும் (ஆக்டினோமைசீட்ஸில் ஒரு பேரினம்) சுரக்காதவையெல்லாம் பேசில்லஸாகவும் இருந்தால், மென்பொருள் கற்றுக்கொண்டது பேரினத்தை. மருந்தைப் பற்றி அது ஒன்றும் கற்கவில்லை. ஒரே ஐசோலேட்டின் மூன்று நிறமாலைகளில் இரண்டைப் பயிற்சிக்கும் ஒன்றைச் சோதனைக்கும் வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரி என்று வரும், பார்க்க அழகாக இருக்கும், அதில் பொருள் இராது. ஓர் இனத்தையே முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் எண் நின்றால் நம்பலாம்.

பி.எச்.பி. என்ற சேமிப்புப் பொருளும் ஏமாற்றும். உணவு மிஞ்சும்போது பல பாக்டீரியாக்கள் இதைச் செல்லுக்குள் குவித்துக்கொள்ளும். 1725-லிருந்து 1740 வரை ஓங்கிய முகடாக நிற்கும். புதுக் குழு ஒன்று கிடைத்துவிட்டது என்று தோன்றும், உண்மையில் அது நன்றாகச் சாப்பிட்ட பழைய உயிர். ஸ்டார்ச் கேசீனில் ஏழாம் நாள் எடுத்ததையும் பத்தாம் நாள் எடுத்ததையும் ஒரே படத்தில் போட்டால், மென்பொருள் இனத்தை விட்டுவிட்டு நாளை வைத்துப் பிரித்துக் காட்டும். ஒரே ஊடகம், ஒரே வெப்பம், ஒரே வயது. இதில் தளர்ச்சி கூடாது.

நம் கரைக்கென்றே உள்ள மூன்று தொல்லைகளை மாணவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆக்டினோமைசீட்ஸ் அகருக்குள் வேர்போல இறங்கி வளரும். சுரண்டும்போது அகரும் சேர்ந்து வரும். 930-ஐ ஒட்டி ஒரு முகடு எழுந்தால் அது அகரின் சர்க்கரை, அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். ஊடகத்தின்மேல் செலோபேன் தாள் விரித்து வளர்த்தால் இந்தத் தொல்லை தீரும். அடுத்தது கடல்நீர். சாதாரண உப்பு அகச்சிவப்பில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடல்நீரின் சல்பேட் 1100 பக்கம் சர்க்கரைப் பகுதியின்மேல் ஏறி உட்காரும். ஊடகத்தில் படியும் சுண்ணாம்பு 1420-லும் 875-லும் காட்டிக்கொடுக்கும். சம அளவு உப்புக் கரைசலில் அலசி, கடைசியில் ஒருமுறை விரைவாக வாலைவடிநீரில் அலசவேண்டும்.

மூன்றாவது ஈரம். தண்ணீர் 1640-ல் உறிஞ்சும், புரதத்தின் முதல் முகடு அதற்குள் மூழ்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் பக்கம் காற்றே ஈரத்துணி போலிருக்கும். அந்த மாதங்களில் பொட்டாசியம் புரோமைடு வில்லை அழுத்துவது வீண் போராட்டம், கையில் எடுப்பதற்குள் மங்கிவிடும். ஏ.டி.ஆர். அந்தத் தொல்லையைக் குறைக்கிறது. ஆனால் கருவிக்குள் இருக்கும் ஒளிபிரிப்பான் பல மாடல்களில் அதே பொட்டாசியம் புரோமைடால் ஆனது. ஏ.சி.யை இரவில் அணைத்து, சிலிகா ஜெல்லை மாற்ற மறந்தால் கருவி மெல்ல மெல்லக் குருடாகும்.

ஏன் இந்த வரிசை

அகச்சிவப்பை முதலில் வைத்து, இருநூறை முப்பது குழுவாக்கி, குழுவுக்கு ஒன்றை மட்டும் தட்டில் சோதித்தால் அகர் மிச்சமாகுமே என்பது கேட்கத் தகுந்த வாதம். அதை நான் ஏற்காததற்குக் காரணம், ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு ஸ்ட்ரெப்டோமைசிஸில் ஒன்று சுரக்கும், மற்றது சுரக்காது என்பதுதான். ஆன்டிபயாடிக் செய்யும் மரபணுத் தொகுப்புகள் உயிருக்கு உயிர் தாவும், சமயத்தில் தொலைந்தும் போகும். நிறமாலை அந்த வேறுபாட்டைக் காணாது. குழுவுக்கு ஒன்று என்று எடுத்தால், ஊமையானது கையில் வந்து பேசக்கூடியது ஃப்ரிட்ஜிலேயே தங்கிவிடலாம். இருநூறு என்பது தட்டுக்குத் தாங்கக்கூடிய எண்ணிக்கை. ஐயாயிரம் இருந்தால் என் பதில் மாறும்.

தட்டு முடிந்து நாற்பது கையில் நிற்கும்போது அகச்சிவப்பு பொன்னான வேலை செய்யும். மண்டபத்தில் விசைப்படகு வந்ததும் ஏலத்துக்கு முன்னால் மீனை இனம் பிரித்துக் கூடையில் கொட்டுவது போன்ற வேலை அது. விலையைச் சொல்லாது, எத்தனை கூடை என்று சொல்லும். நாற்பதையும் மூன்று முறை தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறமாலை எடுத்தால் மொத்தம் 360. நெருக்கமான முகடுகள் பிரிந்து தெரிய இரண்டாம் வகைக்கெழு எடுத்து, 900 முதல் 1200 வரையும் 2800 முதல் 3000 வரையும் வைத்துக் கொத்துப் பகுப்பாய்வு (ஒத்த நிறமாலைகளை ஒன்று சேர்க்கும் கணக்கு) செய்தால் பத்துப் பதினைந்து குழுக்களாக விழலாம். குழுவுக்குள் வளையத்தின் அளவும் எந்தக் கிருமியைத் தடுத்தது என்ற கோலமும் ஒன்றாக இருந்தால், அவற்றை ஒரே உயிராகக் கருதி ஒன்றை மட்டும் மேலே அனுப்புங்கள். நிறமாலை ஒன்றாக இருந்து வளையக் கோலம் வேறாக இருந்தால் இரண்டையும் அனுப்புங்கள். எனக்கு அந்த இரண்டாவது வகைதான் ஆர்வமூட்டும். இரட்டைச் சவ்வால் மருந்தை எளிதில் உள்ளே விடாத கிராம் நெகட்டிவ் கிருமியைத் தடுத்த ஐசோலேட் எந்தக் குழுவில் இருந்தாலும் தனியாகப் போகட்டும். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024-இல் புதுப்பித்த பட்டியலில், மிக அவசரமானவற்றில் இந்த வகையைச் சேர்ந்த அசினெட்டோபாக்டரும் குடல்வகைக் கிருமிகளும் நிற்கின்றன. அவற்றுக்கு எதிராகத்தான் மருந்து பற்றாக்குறை அதிகம்.

மேலே என்றால் 16எஸ் வரிசையும் (எந்த இனம் என்று காட்டும் மரபணு வரிசை) எல்.சி.எம்.எஸ்.ஸும் (சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் கருவி). பழைய மருந்தா புதியதா என்று நிறையை வைத்துச் சொல்லக்கூடியது எல்.சி.எம்.எஸ். இதற்கு மாற்று கிடையாது, ஆனால் மாதிரி ஒன்றுக்குச் செலவு கடிக்கும். நாற்பதைப் பதினைந்தாகக் குறைத்துக் கொடுப்பதில்தான் அகச்சிவப்பு தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

ஆன்டிபயாடிக்குகளைக் கட்டும் பி.கே.எஸ்., என்.ஆர்.பி.எஸ். என்ற நொதிகளின் மரபணுக்களை பி.சி.ஆரில் தேடும் முறையைப் பலர் முதல் படியாக வைக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலரின் மரபணுத்தொகை 2002-இல் வெளியானபோது, இப்படிப்பட்ட தொகுப்புகள் இருபதுக்கும் மேல் இருப்பது தெரிந்தது. அதற்குமுன் தெரிந்த பொருள்கள் சில மட்டுமே. ஏறக்குறைய எல்லா ஸ்ட்ரெப்டோமைசிஸிலும் ஏதோ ஒரு தொகுப்பு இருக்கும்போது, 'இருக்கிறது' என்ற பதிலால் இருநூறைக் குறைக்கமுடியாது. ராமன் நிறமாலை, மால்டி டாஃப் என்ற நிறை அளவி இரண்டும் நல்ல கருவிகளே. ஆனால் ஆக்டினோமைசீட்ஸின் நிறமிகள் ராமனில் ஒளிர்ந்து கெடுக்கும், மால்டியின் விலை நம் கல்லூரிகளுக்கு எட்டாது.

கருவி வாங்குவதா என்று கேட்டால், வேண்டாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன, மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம். உயிரைக் கொன்று உலர்த்திய தூளைச் சிலிகா ஜெல் போட்ட குழாயில் பஸ்ஸில் எடுத்துப்போகலாம், கெடாது. 360 நிறமாலையையும் ஒரே கருவியில், முடிந்தால் அடுத்தடுத்த நாள்களில் எடுங்கள். பாதியை இங்கும் பாதியை அங்கும் எடுத்தால் கருவிகளின் வேறுபாடே ஒரு குழுவாக வந்து நிற்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல டீப் ஃப்ரீசரும், கரண்ட் போனால் அதைத் தாங்கும் இன்வெர்ட்டரும் வாங்குங்கள். வளையம் காட்டிய ஐசோலேட்டுகளை 20 சதவீதக் கிளிசராலில் இரண்டு இடங்களில் வைத்தால்தான் அடுத்த வருட மாணவருக்கு வேலை இருக்கும்.

அகச்சிவப்பை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். சுரக்கும் உயிரை விட்டுவிட்டு, சாகும் கிருமியைப் பாருங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸையோ ஈ. கோலையையோ, முழுதாகக் கொல்லாத அளவு மருந்தில் சில மணி நேரம் வைத்து, அலசி, உலர்த்தி நிறமாலை எடுத்தால், புரத உற்பத்தியைத் தடுக்கும் குளோரம்ஃபெனிகால் ஒரு விதமான மாற்றத்தையும், செல் சுவரைத் தாக்கும் ஆம்பிசிலின் வேறு விதமான மாற்றத்தையும் விட்டுச்செல்லும். டி.என்.ஏ. பெருகுவதைத் தடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினையும் மூன்றாவதாகச் சேர்த்து, நம் பதினைந்து சாறுகளும் இவற்றில் எதன் பக்கம் விழுகின்றன என்று பார்க்கலாம். மருந்து ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தாலும், அது கிருமியின் உடல் முழுவதையும் மாற்றுவதால் இங்கே நிறமாலைக்குப் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. எந்தப் பக்கமும் விழாத சாறு ஒன்று வந்தால், எல்.சி.எம்.எஸ்.ஸுக்கு அதை முதலில் அனுப்புங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

வரிசையை நானே தலைகீழாக்கும் இடமும் ஒன்று உண்டு. நல்ல ஐசோலேட் ஒன்று கிடைத்து, அதன் பொருளும் இன்னதென்று தெரிந்து, புற ஊதா ஒளியில் வைத்து நூற்றுக்கணக்கான திரிபு வகைகளை உண்டாக்கி, அதிகம் சுரப்பதைத் தேடும் கட்டம் அது. 1990-களில் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் இதே நோக்கத்தோடுதான் அகச்சிவப்பைப் புகுத்தினார்கள். அங்கே எல்லாம் ஒரே உயிர், ஒரே பொருள், மாறுவது அளவு மட்டும். சுரப்பு லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராமை எட்டியிருந்தால், எச்.பி.எல்.சி.யில் (பொருளைப் பிரித்து அளவு சொல்லும் கருவி) அளந்த ஐம்பது அறுபது மாதிரிகளை வைத்து மென்பொருளுக்கு அளவு கற்றுக்கொடுத்து, மற்றவற்றைத் தட்டில் வைக்காமலேயே அகச்சிவப்பில் வடிகட்டலாம். 96 குழி சிலிக்கான் தட்டு பொருத்திய கருவி அப்போது தேவைப்படும். அதற்கான திட்ட விண்ணப்பத்தை எழுதும்போது, முதல் இருநூறின் தட்டுப் படங்களையும் வளைய அளவுகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்புங்கள்.